ஜம்போ மலைக் கோடுகள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

குட்டி இப்போது ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள் என்று நீ சொன்னதில் எனக்குப் பாதி கவலை தீர்ந்தது. இங்கே அப்பாவும் நானும் சுகம்.

உன் பிரசவத்துக்கு அமெரிக்காவுக்கு, மிஸ்ஸூலா வந்திருந்தபோது, தினமும் காலையில் உன் அடுப்படி ஜன்னலில் நின்று ஜம்போ மலையைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடிப்பேன். லேசாகப் பனி தூவியிருந்த ஒரு நாள், மலையின் குறுக்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோடுகள் தெரிந்தன. உன்னைக் கேட்டேன். "மாடு நடந்த தடமா இருக்கும்மா" என்றாய். மாடு இவ்வளவு மட்டம் பார்த்தா நடக்கும்? ஊருக்கு வந்த பிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை. தேடித்தேடிப் படித்தேன்.

அதெல்லாம் ஏரிக்கரையடி!

ஏறத்தாழ 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்னால் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாறை, ஐடஹோ மாநில எல்லைப் பக்கம் கிளார்க் ஃபோர்க் ஆற்றை அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் பின்வாங்கி, மொன்டானாவின் மேற்குப் பள்ளத்தாக்குகளையெல்லாம் நிரப்பியது. உன் வீட்டுக் கூரைக்கு மேலே சுமார் 300 மீட்டர் தண்ணீர் நின்றிருக்கிறது. மாப்பிள்ளை மூச்சுவாங்க ஏறிவிட்டு வருவாரே, எதிர் மலைச்சரிவில் பெரிதாக இருக்கும் 'எம்' எழுத்து, அந்த இடமும் முழுகித்தான் இருந்தது. தண்ணீர் எந்தெந்த மட்டத்தில் தங்கியதோ, அங்கெல்லாம் அலை அடித்து அடித்து மலையைச் செதுக்கியிருக்கிறது.

அணையோ வெறும் பனிக்கட்டி. அதை ஒட்டி நீரின் ஆழம் 600 மீட்டர். பனிக்கட்டி மிதக்கும் பொருள்தானே? தண்ணீர் ஏற ஏற அணையே தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். அடியில் ஒரு வழி கிடைத்தால் போதும், பாய்கிற தண்ணீர் அதை உருக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போய் அணையை உடைத்துவிடும். 2,000 கன கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீர் சில நாட்களில் வடிந்திருக்கிறது. ஸ்போக்கேன் வழியாகக் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பாய்ந்து, மண்ணையெல்லாம் வழித்து, கரும்பாறையைப் பெயர்த்துக்கொண்டு கொலம்பியா ஆற்றோடு கடலுக்குப் போனது. அப்புறம் பனி மறுபடி வந்து ஆற்றை அடைக்கும், ஏரி மறுபடி நிரம்பும். உன் ஊருக்கு மேற்கே நைன்மைல் பக்கம் ஏரிவண்டல் சுமார் நாற்பது அடுக்காக இருக்கிறதாம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு தடவை ஏரி நிரம்பி வடிந்த கணக்கு என்று படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்படி ஒரு வெள்ளம் வந்தது என்று 1923-ல் எழுதியவர் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர். முதலில் சியாட்டிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்த வறண்ட பாறைப் பள்ளங்களில் வருடா வருடம் கோடையில் நடந்து திரிந்து பார்த்துவிட்டுச் சொன்னவர். 1927-ல் வாஷிங்டன் நகரத்தில் பெரிய நிலவியலாளர்கள் கூடி அவரை மறுத்தார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் அப்போது பதில் இல்லை. பதில் உன் ஊர்ப் பக்கம் கிடந்தது. பார்டீ என்ற இன்னொரு நிலவியலாளர் இந்த ஏரியைப் பற்றி 1910-லேயே எழுதியிருந்தார். அவரே 1942-ல், கேமஸ் சமவெளியில் இருக்கும் மேடுகள் ஏரி அவசரமாக வடிந்தபோது நீரோட்டம் போட்ட அலைவரிகள் என்று காட்டினார். பிரெட்ஸுக்கு நிலவியலின் பெரிய விருதான பென்ரோஸ் பதக்கம் 1979-ல் வந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அதுவரை உயிரோடு இருந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

காவிரியில் தண்ணீர் வடிந்ததும் மணலில் வரிவரியாக இருக்குமே, சின்ன வயதில் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வருவாய். கேமஸில் இருப்பதும் அதேதான். ஆனால் ஒவ்வொரு வரியும் 10 மீட்டர் உயரம் வரை, மணலுக்குப் பதில் சரளைக்கல். கீழே நின்றால் வெறும் மேடாகத்தான் தெரியுமாம், மேலே மார்க்கிள் கணவாய்ப் பக்கம் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"இந்த ஊர்ல என்னம்மா இருக்கு, நாலு மலைதான்" என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டாயே, அது என் மனதில் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு கேமஸ் போய் வா. காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. குட்டிக்குத் தொப்பி போட மறக்காதே. அடுத்த முறை பனி தூவினால், வெயில் ஏறுவதற்குள் அடுப்படி ஜன்னலிலிருந்து ஜம்போவை ஒரு படம் எடுத்து அனுப்பு. கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா