மூன்று படி இருந்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் தெருவுக்குப் புது ரோடு வருகிறதென்று போன வாரம் இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். தெருவே சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1991-இல் நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தெருவிலிருந்து வாசலுக்கு மூன்று படி. ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், கருங்கல். "மூணு படி ஏறி வர்ற வீடும்மா, தண்ணி எட்டிக்கூடப் பாக்காது" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். என் மூத்தவன் அந்த மூன்று படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கித்தான் நடக்கப் பழகினான். இளையவள் தவழ்ந்தபோது இரண்டு படிதான் வெளியே தெரிந்தது. இப்போது பேரன் லீவுக்கு வந்தால் வீட்டிலிருந்து தெருவுக்கு ஏறிப் போகிறான்.

வீடு என்னவோ கட்டின இடத்தில்தான் இருக்கிறது. ரோடுதான் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் சரளை, அதன்மேல் தார். சில வருஷம் கழித்து இன்னொரு தார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பிறகு ஜல்லி பரப்பி மறுபடி தார். அப்புறம் சிமெண்ட் ரோடு. கடைசியாக 2019-இல் அந்தச் சிமெண்டுக்கு மேலேயே தார். இத்தனை தடவையில் ஒரு தடவைகூடப் பழையதை எடுத்துவிட்டுப் போட்டதை நான் பார்க்கவில்லை.

எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க என் தையல் டேப் போதும். ஆனால் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் டேப்பை எப்படிப் பிடித்தாலும் தொய்கிறது. வாசல் வேலைக்கு வந்திருந்த கொத்தனார்தான், "இருங்கக்கா, தண்ணி மட்டம் பாத்துருவோம்" என்று கண்ணாடி டியூப்பில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை என் வாசற்படியோரம் கையாள் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையோடு அவர் ரோட்டின் நடுவுக்குப் போனார். டியூப்பில் நீர்க்குமிழி ஒன்று மாட்டிக்கொண்டு ஆட்டம் காட்டியது. சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றினார். இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் நின்றதும் கரிக்கட்டையால் ஒரு கோடு. ரோடு என் வாசற்படியைவிட இரண்டரை அங்குலம் உசரம். மூன்று படிக்கு 21, இது இரண்டரை, ஆக இருபத்துமூன்றரை அங்குலம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் அந்த உயரம்தான் வரும். அந்தப் பாவாடை உயரத்துக்கு ரோடு என் வீட்டை முழுங்கியிருக்கிறது.

எங்கள் தெருவில் வீட்டு வேலை நடக்காத வருஷம் கிடையாது. எப்போது பார்த்தாலும் ஒரு வாசலில் எம்-சாண்ட் குவிந்திருக்கும், ஒரு வீட்டில் கலவை போடுகிற சத்தம் கேட்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வசதியான தெரு என்று நினைப்பார்கள். நடப்பதெல்லாம் ஒரே வேலைதான்: தண்ணீர் வராமல் எதையாவது உசத்துவது. நான் வாசலுக்குக் குறுக்கே ஒன்பது அங்குலத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டினேன். அதைத் தாண்டித்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறார்கள். இதுவரை நாலு பேர் தடுக்கி விழுந்தாயிற்று. எதிர்வீட்டு அண்ணாச்சி வீட்டுத் தரையையே ஒரு அடி உசத்தினார். ஜன்னல் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, நிலைக்கதவை அடியில் அறுக்க வேண்டிவந்தது, சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் ஃபேன் பதம் பார்க்கும். நெடுநெடுவென்று வளர்ந்த அவர் மகன் வீட்டுக்குள் குனிந்தே நடக்கிறான். மரியாதைக்காரப் பிள்ளை என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தெருமுனை வீட்டுக்காரர் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். வீட்டையே மூன்று அடி தூக்கினார். அஸ்திவாரத்தை ஒட்டிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஒருவர் குரல் கொடுக்கக் கொடுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தன. நானும் மெஷினை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் வீடு தப்பித்தது. அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த மழைக்கு அதற்கு அடுத்த வீட்டுக்குள் போனது. பள்ளம் எங்கேயோ அங்கே போவதுதானே தண்ணீரின் பிழைப்பு.

மழைநீர் சேகரிப்பு விஷயத்திலும் இதே கதைதான். 2003-இல் எல்லாக் கட்டடத்திலும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது வாசலோரம் குழி தோண்டி, உடைகல், சின்ன ஜல்லி, மணல் என்று அடுக்கி, தட்டட்டிக் குழாயை, அதாவது மொட்டைமாடிக் குழாயை, அதற்குள் விட்டோம். கிணற்றில் தண்ணீர் ஊறியது கண்கூடு. ரோடு உசர உசர, தெருத் தண்ணீரும் வாருகால் (வாசலோரச் சாக்கடை) தண்ணீரும் அதே குழிக்குள் விழ ஆரம்பித்தன. கிணற்றுத் தண்ணீர் வாடை அடித்ததும் பயந்துபோய்க் குழியை சிமெண்ட் போட்டு அடைத்தேன். இப்போது தட்டட்டித் தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போகிறது. எங்கள் தட்டட்டி 600 சதுர அடி. ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 2,800 லிட்டர் இறங்கும். முப்பது வீடு என்றால் 84,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழை நிறுத்தி, தெருவில் ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரி. இந்தக் கணக்கு என் மகள் போட்டுக் கொடுத்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மறுநாளும் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கொக்கிரகுளத்திலும் ஜங்ஷன் பக்கமும் ஆறே ஏறி வந்தது. அது தாமிரபரணி செய்த வேலை, அதை யாரும் கேட்க முடியாது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்குள்ளேயே கட்டியவர்கள், வெள்ளம் வந்தால் உள்ளே புகுந்து வெளியேறிப் போகட்டும் என்று தெரிந்தே கட்டினார்கள். தண்ணீர் வரும்போது உற்சவரைக் கரைக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் வீட்டுக்குள் வந்தது எங்கள் ரோட்டுத் தண்ணீரும் எங்கள் வாருகால் தண்ணீரும்தான். கிறிஸ்மஸ் துணி முழுவதும் முன்னறையில் கிடந்தது, வெட்டினது பாதி, தைத்தது பாதி. கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் மூட்டை மூட்டையாகப் பரணில் ஏற்றினேன். மெஷினைத் தூக்க ஆள் இல்லை, மோட்டார் முங்கிப்போனது. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டுக்குள்தான் தண்ணீர் போயிருக்கிறது. எண்பது வயதுக்காரி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏளா, ஒங்க வாசல்ல இருந்துதாம்ளா வருது" என்று சத்தம் போட்டது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது. மழை ஊருக்கெல்லாம் பெய்கிறது, என் வாசல் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

ஆச்சி சொன்னது நிஜம். 2012-இல் ஸ்கூட்டி வாங்கினேன். வண்டியை ஏற்றி இறக்க வசதியாக வாருகாலுக்கு மேல் பலகைக் கான்கிரீட் போட்டு, ரோடு வரைக்கும் சாய்வு வைத்துப் பூசிவிட்டேன். கையை விடக்கூட ஒரு சந்து விடவில்லை. அப்போது கொத்தனார், "ஒரு மூடி வச்சுருவோம்க்கா, அள்ளணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். மூடி வைத்தால் நாற்றம் வரும் என்று நான்தான் வேண்டாமென்றேன். வெள்ளம் வடிந்த பிறகு, பொங்கல் கழித்து, அதே கொத்தனாரை அழைத்துவந்து உடைத்தேன். உள்ளே ஒரு சாண் இடம்கூட இல்லை. கறுப்புக் களிமண் மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. மண்வெட்டியால் வெட்டிப் போட்டபோது அதற்குள் ஒற்றைச் செருப்பு, பால் கவர், ஒரு தூக்குச்சட்டி மூடி. அப்புறம் துணி, துணி, துணி. தினமும் சாயங்காலம் நான் வாசலைப் பெருக்கித் தள்ளுகிற வெட்டுத்துண்டுகள். மயில்கழுத்துக் கலரில் ஒரு லைனிங் துண்டு சாயம்கூடப் போகாமல் வந்தது. அதை யாருக்கு எந்தக் கல்யாணத்துக்குத் தைத்தேன் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அன்றைக்கே வெல்டரை வரச்சொல்லி, கான்கிரீட்டுக்குப் பதிலாக இரும்புத் தகட்டில் கீல் வைத்த மூடி போட்டாயிற்று. ஒரு பக்கமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அள்ளலாம். வண்டி ஏறும்போது டமார் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். வெட்டுத்துண்டை இப்போது சாக்கில் கட்டி, தலையணை செய்கிறவரிடம் கொடுக்கிறேன். ஆச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். "சரி விடு, காப்பி குடி" என்றார். அன்றையிலிருந்து அவர் ரவிக்கைக்குக் கூலி வாங்குவதில்லை.

ஆகவே நான் எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. புது ரோடு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று அவர்கள் செய்ய வேண்டியது, ஒன்று நாங்கள்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல், இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்தபோதே உத்தரவு வந்தது. அன்றைக்குப் பேப்பரில் படித்துவிட்டு அதை வெட்டி மெஷின் டிராயரில் வைத்தேன். வெள்ளத்தில் ஊறியும் எழுத்து தெரிகிறது. சுரண்டல் என்றாலே கெட்ட வார்த்தை நமக்கு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுரண்டச் சொல்லிக் கேட்கிறேன். அளக்க வந்தவர்களிடம் இதைச் சொன்னபோது, தெரு குறுகல், ரோட்டைச் சுரண்டுகிற மில்லிங் மெஷின் திரும்பாது என்றார்கள். மில்லிங் மெஷினில் சின்னதும் இருக்கிறது. அது வராவிட்டாலும் போகட்டும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்ட இதே தெருவுக்குள் ஜேசிபி வந்ததே, தோண்ட வந்தது சுரண்ட வராதா? பழைய தாரைப் பெயர்த்தால் ரோட்டுக்குப் பலம் போய்விடும் என்று எதிர்வீட்டு அண்ணாச்சியே சொல்கிறார். ஆடிப்போன பழைய பல்லின் மேலேயே தங்கப்பல் கட்டினால் நிற்குமா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். பெயர்த்தெடுத்த தார்க்கலவை வீணும் இல்லை. அதைப் புதுக்கலவையோடு சேர்த்து மறுபடி ரோட்டுக்கே பயன்படுத்தும் முறை இருக்கிறது.

எங்களிலும் பாதிப்பேர் வாசலில் நான் செய்த அதே தப்பு இருக்கிறது. வாருகாலின் மேல் சாய்வு, சாய்வின் மேல் டைல்ஸ், ஒரு வீட்டில் துளசிமாடமே இருக்கிறது. வாருகால் அடைத்துக்கிடக்கும்போது ரோட்டை எவ்வளவு சுரண்டினாலும் தண்ணீர் எங்கே போகும்? வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரவர் வாசலை அவரவரே திறந்துவிட்டால், யாரோ வந்து இடித்தார்கள் என்ற சண்டை இருக்காது. ஒரு வாசலுக்குக் கொத்தனார் கூலி, கையாள் கூலி, வெல்டர், தகடு என்று கொஞ்சம் ஆகும்தான். ஒரு மோட்டார் முங்கினால் ஆகும் செலவை நான் பார்த்துவிட்டேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள். துளசிமாடக்காரர் ஆடி கழியட்டும் என்கிறார். ஐப்பசியில் அடைமழை, அதற்குள் முடிந்தால் சரி.

இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள கரண்ட் கம்பத்தில், கொத்தனாரை வைத்து மறுபடி தண்ணி மட்டம் பிடித்து, இப்போதைய ரோட்டின் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். புது ரோடு அதற்குக் கீழே நின்றால் நல்லது. குறைந்தது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கம்பத்தில் எழுதலாமா என்று யாராவது கேட்டால் அழித்துவிடுகிறேன், ரோடு போட்டு முடித்த மறுநாள்.

தங்கள் நிருபர் யாராவது வந்தால் தெருவைக் காட்டத் தயார். காலையில் வந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், சத்தமாகக் கூப்பிட வேண்டும். தடுப்புச் சுவரைப் பார்த்துத் தாண்டி வரச் சொல்லுங்கள். ரோடு போடுகிற அன்றைக்கு மெஷினை மூடிவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்பதாக இருக்கிறேன். தனக்கும் அங்கே ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார் ஆச்சி.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை.