இந்த ஊருக்கும் ஓர் எல்லைச் சாமி

ரிச்லண்ட்,
வாஷிங்டன் மாநிலம்,
7.1.2024

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் இங்கு நலம். உங்கள் வலது கண்ணுக்குப் புரை எடுத்தாகிவிட்டது, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வெயிலில் இறங்காமல் இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். போன வாரம் போனில், “அந்த ஊரில் படிக்க என்ன கிடைக்கிறது பாப்பா?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் என்ன சமைக்கிறாய், குளிர் எவ்வளவு என்று கேட்பார்கள். அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன். எழுத்தையும் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். கண் கூசினால் தம்பியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஊர். வாஷிங்டன் மாநிலம் என்றதும் எல்லோரும் சியாட்டில் மழையை நினைக்கிறார்கள். அந்த மழை காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. நாங்கள் இருப்பது கிழக்குப் பக்கம். வருடம் முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டு அங்குல மழைதான். ரிச்லண்ட், கென்னவிக், பாஸ்கோ என்று மூன்று ஊர்கள் கொலம்பியா ஆற்றை ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. மூன்றையும் சேர்த்து ட்ரை-சிட்டீஸ் என்கிறார்கள். ஆறு நீலமாக, அகலமாக ஓடுகிறது. கரையைத் தாண்டினால் சாம்பல் நிறப் புதர்க்காடு, மரமே இல்லாத மலை, காற்றில் உருண்டு வந்து வேலியில் மோதும் காய்ந்த செடிப் பந்துகள். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உறைபனி மூட்டம் இறங்கிவிட்டால் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது.

2021 செப்டம்பரில் வந்தேன். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அவர் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் மாலைதான் திரும்புவார். முதல் குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று உங்களுக்கு எழுதவே இல்லை. எழுதியிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். ஒரு நாள் நூலகத்துக்கு நடந்து போனேன். உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாது. மேசையில் இருந்த வயதான அம்மா, என்ன மாதிரிக் கதை பிடிக்கும் என்று கேட்டார். என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், “பேய்க்கதை, காதல் கதை, இரண்டும்” என்றேன். அவர் எழுந்து வந்து ஓர் அலமாரியிலிருந்து தடித்த, கையடக்கமான புத்தகம் ஒன்றை உருவிக் கொடுத்தார். “இது நம் ஊரிலேயே நடக்கிற கதை” என்றார்.

நம் ஊர் என்று அவர் சொன்னதில் என்னையும் சேர்த்துக்கொண்டார் சித்தி. அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

புத்தகத்தின் பெயர் ‘மூன் கால்டு’. எழுதியவர் பட்ரீசியா பிரிக்ஸ். 2006இல் வந்தது. இந்த வகைக்கு இங்கே இரண்டு பெயர்கள் உண்டு: பாராநார்மல் ரொமான்ஸ் என்பார்கள், அர்பன் ஃபேண்டஸி என்பார்கள். உங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். ரமணிசந்திரன் நாவலையும் இந்திரா சௌந்தர்ராஜன் நாவலையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். நீங்கள் தையல் மெஷினை மிதிக்க, நான் திண்ணையில் உட்கார்ந்து மாத நாவல்களை உரக்கப் படித்துக் காட்டுவேனே, ஒரு மாதம் காதல், ஒரு மாதம் மர்மம் என்று! “இரண்டையும் ஒருத்தரே எழுதினால் என்ன?” என்று ஒரு நாள் பாவாடை ஓரம் அடித்துக்கொண்டே சொன்னீர்கள். இங்கே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு பெயருக்கும் வேறுபாடு உண்டு. முதல் வகையில் காதல்தான் தூண். எத்தனை காட்டேரி வந்தாலும் கடைசிப் பக்கத்தில் அந்த இருவரும் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் வாசகர்கள் அதை ரொமான்ஸ் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது வகையில் ஊரும் அங்கே எழும் ஆபத்தும் முன்னால் நிற்கும். காதல் ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகரும். பிரிக்ஸ் எழுதுவது இரண்டாவது வகை. இந்த வரிசையில் 2022 வரை 13 புத்தகங்கள். ஒன்று விடாமல் படித்துவிட்டேன்.

கதாநாயகி மெர்சி தாம்சன் கார் மெக்கானிக். பழைய ஃபோக்ஸ்வேகன் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை அவளுடையது. நினைத்தால் கயோட்டியாக உருமாறுவாள். கயோட்டி என்றால் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி. இரவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் கூட்டமாக ஊளையிடும். அவளுடைய அப்பா பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர், அவள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அவளை மான்டனா மலைக்காட்டில் வளர்த்தது ஓர் ஓநாய் மனிதர் கூட்டம். இப்போது கென்னவிக்குக்கு வெளியே ஃபின்லி என்ற இடத்தில் தனியாக இருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ஆடம். ஊர் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பவன். அவன் அதிகாரமாகப் பேசும்போதெல்லாம், அவன் ஜன்னலுக்கு நேரே தெரியும்படி நிறுத்தியிருக்கும் உடைந்த காரிலிருந்து இவள் இன்னொரு பாகத்தைக் கழற்றிவிடுவாள்! படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

பேய் பிசாசுகளுக்கு பிரிக்ஸ் வைத்திருக்கும் சட்டதிட்டங்கள்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டேரி வீட்டுக்குள் நுழைய, வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்க வேண்டும். ஃபே என்று ஒரு மாய இனம். அவர்களுக்கு இரும்பு ஆகாது. மெர்சிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கிழவர் ஸீ, அந்த இனத்தில் இரும்பைக் கையால் தொட்டு வேலை செய்யக்கூடிய அபூர்வமானவர். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். கறிக்குழம்புத் தூக்கை இரவில் ஆச்சி வீட்டுக்கு எடுத்துப் போகும்போது, மேலே ஓர் அடுப்புக்கரித் துண்டும் ஆணியும் வைத்துத்தானே அனுப்புவீர்கள்? “இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது” என்பீர்கள். கடல்களுக்கு அப்பால் பனி பெய்யும் ஊர்க்காரர்களும் அதே இரும்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். உங்கள் ஆணி என் கூடவே வந்துவிட்டது போல இருந்தது.

மூன்றாவது புத்தகம் ‘அயர்ன் கிஸ்டு’, 2008. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மெர்சிக்கு ஒரு கொடுமை நேர்கிறது, எந்தப் பெண்ணும் பயப்படுகிற கொடுமை. நான் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்து படித்தேன். நம் கதைகளில் இப்படி ஒன்று நடந்தால் அந்தப் பெண் செத்துப்போவாள், அல்லது அதே ஆளுக்கே அவளைக் கட்டிவைப்பார்கள். எத்தனை கதை பார்த்துவிட்டோம். இங்கே அவள் உயிரோடு இருக்கிறாள். அடுத்த புத்தகத்திலும் திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறது, உடம்பு நடுங்குகிறது, ஆனாலும் பட்டறையைத் திறக்கிறாள். ஆடம் அவளை அவசரப்படுத்தவில்லை. இதை மலிவு நாவல் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டு விருந்தில், என் பையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர், “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்றார். படிப்புதான் என்றேன். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

வேறு எழுத்தாளர்களையும் தேடிப் போனேன். இலோனா ஆண்ட்ரூஸ் என்பது ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதும் பெயர், நம் சுபா இரண்டு நண்பர்களின் பெயராக இருப்பது போல. அவர்களுடைய கேட் டேனியல்ஸ் கதைகள் அட்லாண்டா நகரத்தில் நடக்கின்றன. அங்கே மாயம் அலை அலையாக வருகிறது. அலை வந்தால் மின்சாரம் நிற்கும், கார் ஓடாது, துப்பாக்கி வெடிக்காது. வாளுக்கும் மந்திரத்துக்கும்தான் வேலை. அலை போனால் விளக்கெரியும். நம் ஊர் மின்வெட்டுக் காலத்தில் இரவெல்லாம் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த உலகம் புரியாமல் போகுமா? இன்னொருவர் நளினி சிங். அலமாரியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். அவருடைய ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ நாவலில் ஓர் இனம், குழந்தைப் பருவத்திலிருந்தே பழக்கிப் பழக்கி, உணர்ச்சி என்பதையே மனத்திலிருந்து அறுத்துவிடுகிறது. அழக் கூடாது, ஆசைப்படக் கூடாது. அந்த இனத்துப் பெண்ணொருத்தி, சிறுத்தையாக மாறும் ஒருவனிடம் பழகத் தொடங்கி, தனக்குள் ஒன்றும் செத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கிறாள். அவர் வரிசையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் புதிய ஜோடி, உலகம் ஒன்றே.

எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். சில நாவல்களில் கதாநாயகன் பெண்ணை முகர்ந்து பார்த்தவுடனே “நீ எனக்கு உரியவள்” என்று முடிவு கட்டிவிடுகிறான். அவள் வேண்டாம் என்று சொல்வதை ஆசிரியரே காதில் வாங்குவதில்லை. அப்படிப்பட்டதைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இனி நான் உங்களிடம் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். பாஸ்கோவையும் கென்னவிக்கையும் இணைக்க ஆற்றின் குறுக்கே ஒரு கம்பிவடப் பாலம் இருக்கிறது. 1978இல் திறந்தது. இரவில் கம்பிகளின் மேல் விளக்குப் போடுவார்கள், ஆற்றுக்கு மேலே வெள்ளை வீணை நிற்பது போல இருக்கும். 2016இல் வந்த ஒன்பதாவது புத்தகம் ‘ஃபயர் டச்டு’. அதில் ஒரு பூதம் இந்தப் பாலத்தில் ஏறி, கார்களைத் தூக்கி வீசுகிறது. ஓநாய்க் கூட்டம் அதோடு மோதுகிறது. எல்லாம் முடிந்த பிறகு, அடிபட்டுக் களைத்த மெர்சி அந்தப் பாலத்திலேயே நின்றுகொண்டு ஃபே இனத்தாரிடம் சொல்கிறாள்: இந்த ஊர்கள் எங்கள் எல்லை, இங்கே இருக்கிறவர்கள் எங்கள் காவலில் இருக்கிறார்கள்.

எனக்கு உடனே வாய்க்கால் கரைச் சுடலைமாடன் பீடம் நினைவுக்கு வந்தது. அம்பையில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு இருட்டில் நடந்து வருவோமே. நான் பயந்து உங்கள் முந்தானையைப் பிடித்தால், “எல்லைக்குள்ளே வந்தாச்சு, இனிமேல் அவன் பார்த்துக்கொள்வான்” என்பீர்கள். இந்த ஊருக்கு அப்படி ஒருவரும் இல்லை என்பதுதான், வந்த நாளிலிருந்து எனக்கிருந்த குறை என்று அப்போதுதான் தெரிந்தது. மரமில்லாத மலை, பெயர் தெரியாத தெரு, யாருக்கும் வேண்டுதல் இல்லாத ஆறு. இப்போது பாலத்தைக் கடக்கும்போது அவரை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். இன்ன தூணுக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றிருப்பாள் என்று நானே ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஊரே எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. 1943இல் இங்கே ஆற்றோரத்து இரண்டு சிற்றூர்களைக் காலி செய்துவிட்டு ஹான்ஃபோர்டு அணு உலையைக் கட்டினார்கள். நாகசாகி குண்டுக்கான புளூட்டோனியம் அங்கே உண்டானதுதான். 1996இல் கென்னவிக் ஆற்றங்கரையில், தண்ணீரில் நடந்த இரண்டு இளைஞர்களின் காலடியில் ஒரு மண்டையோடு கிடைத்தது. எட்டாயிரம் ஒன்பதாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதனுடையது. எங்கள் மூதாதை, கொடுங்கள் என்று பூர்வகுடிகள் கேட்டுக் கேட்டு, 2017இல்தான் வாங்கிப் புதைத்தார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வீர்களே, அந்த மாதிரித் தாழ்த்திப் பேச வேண்டிய மண்தான் இதுவும். நாவல் அந்தக் கதவைத் திறந்திருக்காவிட்டால் நான் இதையெல்லாம் தேடிப் படித்திருக்கவே மாட்டேன்.

இந்தப் புத்தகங்கள் தமிழில் இல்லை. அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனைக் கையில் வைத்திருங்கள். இங்கே அப்போது சனிக்கிழமை மாலை ஐந்தரை. வாரம் ஓர் அத்தியாயம், நான் தமிழில் சொல்கிறேன். பழைய மாதிரியே மெஷின் பக்கத்தில் உட்காருங்கள். கண் ஆறும் வரை மிதிக்க மட்டும் வேண்டாம். பசியோடு ஒரு பையன் வேலை கேட்டுப் பட்டறைக்கு வருகிறான், அவன் யார், என்ன என்று எதுவும் கேட்காமல் மெர்சி அவனுக்கு வேலை கொடுக்கிறாள். அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள்
பாப்பா