கண்மாய் மராமத்து நிறைவு: பாசனதாரர்களுக்கு அறிக்கை

பாசனதாரர்கள் அனைவருக்கும் வணக்கம். கோடையில் தொடங்கிய உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி), மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழி), கரை வேலைகள் முடிந்துவிட்டன. வரவு செலவு நோட்டு கிராமக் கூட்டத்தில் வாசிக்கப்படும். என்ன செய்தோம், எதைக் கவனிக்க வேண்டும் என்பது இங்கே.

வண்டல் நமக்கு இலவச உரம். கண்மாயில் வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார்: நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. நூறு கன அடி ஒரு யூனிட் என்று பார்த்தால், 75 கனமீட்டர் 26 யூனிட்டுக்குச் சற்று மேல். வண்டி வாடகை மட்டும் அவரவர் பொறுப்பு. செம்மண், மணற்பாங்கான புஞ்சைக்குக் கரம்பை (கண்மாய் வண்டல்) நன்றாகச் சேரும், ஈரம் நிற்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் வயலில் போட வேண்டாம். கொட்டியதைப் பரப்பி வெயிலில் காயவிட்டு, ஒரு மழைக்குக் கட்டி உடைந்த பிறகு உழுங்கள்.

மடைக்கல் (மடையின் அடிக்கல்) மட்டத்துக்குக் கீழே எங்கும் தோண்டவில்லை. தோண்டினால் அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை ஏறாது. கரையடியிலும் மண் எடுக்க விடவில்லை. பள்ளம் பறித்தால் கரை உள்பக்கமாகச் சரியும். வண்டல் தீர்ந்து மணல் தட்டிய இடத்தில் உடனே நிறுத்தினோம்.

அதிக நாள் பிடித்தது மடைதான். மடையை அடைக்கும் பலகை இறுக்கமாக இருந்தும் வெளிவாயில் தண்ணீர் கசிந்தது. கரையை வெட்டித் திறந்தபோது மடைக்குழாயின் பக்கவாட்டில் விரல் நுழையும் பொந்து ஓடியது தெரிந்தது. கட்டுமானத்தை ஒட்டிய மண்ணை முன்பு சரியாகத் திமிசு போடாததே (இடித்து இறுக்காததே) காரணம். பழைய சுண்ணாம்புக் கட்டின் மேல் பூசிய சிமெண்டும் ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. அதைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்து, செங்கல் தூளும் கலந்து பூசி, ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு வாரம் காயாமல் வைத்திருந்தோம். பிறகு மிதித்துப் பிசைந்த களிமண்ணைக் குழாயை ஒட்டி அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசு அடித்தோம். வறண்ட மண்ணைப் போட்டு மூடியிருந்தால் முதல் நிறைவிலேயே மறுபடி பொந்து விழும்.

சீமைக்கருவேலத்தை உள்வாயில் இயந்திரத்தால் வேரோடு பிடுங்கினோம். கரையில் மட்டும் ஆள் வைத்துத் தூர் தோண்டி, குழிகளை ஈரமண்ணால் அடுக்கடுக்காக மூடினோம். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். ஊராட்சி ஏலத்தில் மரத்தை விறகாக விற்பதைவிட, ஊரிலேயே கரிமூட்டம் போட்டால் கூலியும் இங்கேயே தங்கும் என்பது மராமத்தைச் செய்த எங்கள் குழுவின் கருத்து. நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும். மூட்டத்தில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் மிஞ்சுவது சாம்பல்தான். இரவிலும் ஆள் வேண்டும்.

கரையின் வெளியடியில் பனை விதை ஊன்றியிருக்கிறோம். ஆடுமாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குத் தண்ணீர் ஏறும்போது முதல் மூன்று நாள் நீர்ப்பாய்ச்சியோடு (மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுபவர்) இருவர் மடையின் வெளிவாயில் நிற்க வேண்டும். தெளிந்த கசிவு என்றால் குறித்து வைத்தால் போதும். கலங்கலாக வந்தால் மண் அரிக்கிறது என்று பொருள். உடனே குழுவுக்குச் சொல்லுங்கள்.