பினாங்கு லிட்டில் இந்தியா கடை முதலாளிகளுக்கு: உங்கள் பணியாளர்களின் குதிகால் வலி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

லெபோ பாசாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, உணவகம் நடத்திவரும் உங்களுக்கு, உங்களிடம் வேலை செய்பவர்களின் கால்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தீபாவளி வியாபாரம் சூடுபிடித்துக் கடை நேரம் நீளும் வாரங்களுக்குப் பிறகு குதிகால் வலியோடு வருவோர் கூடிவிடுவதால், அதற்கு முன்பே எழுதுவது நல்லது என்று தோன்றியது.

அவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் குறைகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் திரும்ப வருகிறது. கடை மூடும் நேரத்தில் காலை ஊன்றவே முடிவதில்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை விரிந்து பாதத்தின் வளைவைத் தாங்கும் பிளாண்டார் ஃபேசியா என்ற கெட்டியான திசுப்பட்டை, எலும்போடு சேரும் இடத்தில் நாள்பட்ட இழுவையால் நைந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், கெண்டைக்கால் தசை இறுகியவர்கள், கெட்டித் தரையில் நாள் முழுதும் நிற்பவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். சேலை விரித்துக் காட்டும் அக்காமார் பலருக்கு இந்த நான்கும் ஒருசேரப் பொருந்தும்.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதலாளி ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கில் வலி மாத்திரையும் எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு இரண்டு நாளும் வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் அதே மார்பிள் தரையில் அதே மெல்லிய ஜப்பான் சிலிப்பரோடு வந்து நிற்கிறார்கள். எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று கேள்விப்பட்டு அறுவை சிகிச்சைக்குப் பயந்துபோய் வருகிறவர்களும் உண்டு. வலியே இல்லாத பலரின் காலிலும் அந்த எலும்பு முள் இருக்கும் என்பதால் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் திசுப்பட்டை கிழியவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு.

பெரும்பாலோருக்கு அறுவையின்றியே ஓராண்டுக்குள் குணமாகிவிடும். அதற்குத் தேவையானவை எளியவை: வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, விரல்களை முழங்காலை நோக்கி வளைத்து, உள்ளங்கால் விறைப்பதை விரலால் தடவி உணரும் அளவுக்கு இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளையைக் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், குதிகாலுக்கு மெத்தென்ற தாங்கலும் இதோடு சேர்ந்தவை. மேற்சொன்ன மூன்று வேளைகளில் ஒன்றாவது கடையில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். உட்கார இடமில்லாத கடையில் அதை எப்படிச் செய்வது?

ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் முக்காலி இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பைக் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘வாடிக்கையாளர் நுழையும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது’ என்பதே நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. கல்லாவில் முதலாளி நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதை எந்த வாடிக்கையாளரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆள் வந்ததும் எழுந்து நிற்கட்டும். ஆள் இல்லாத நேரத்திலும் நிற்கவைப்பதால் விற்பனை கூடப்போவதில்லை.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையே குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். நின்றுகொண்டே செய்யும் வேலைக்கென்றே டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2002-இல் தனி வழிகாட்டி வெளியிட்டுள்ளது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். நியமித்திருந்தால், இந்த மடலை முதலில் அவரிடம் கொடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: முக்காலி, நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு, சேலைச் சீருடையோடும் மெத்தென்ற சப்பாத்து அணிய அனுமதி. இரவில் ஓய்விலும் விடாத வலி, வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல் ஆகியவற்றைச் சொல்கிறவரை மருத்துவரிடம் உடனே அனுப்புங்கள். அது வேறு நோயாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களைச் சுடுநீரில் கால் வைக்கச் சொல்லாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவது அவர்களுக்கே தெரியாது.

முக்காலி வாங்குவதானால், உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் உயரத்தில், கால் வைக்கக் கட்டையோடு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஜோர்ஜ்டவுனில் பணிபுரியும் ஒரு பிசியோதெரபிஸ்ட்