மேசை மேல் வைத்த தாள்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீட்டிங்கில் உன் அமெரிக்க மேலதிகாரி 'டேபிள்' செய்யலாம் என்றதும், கண்விழித்துத் தயாரித்த அறிக்கையை எடுத்து நீ பேச ஆரம்பித்துவிட்டாய், எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். அதைச் சொல்லும்போது உன் குரல் கம்மிவிட்டது. உன் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை கண்ணு. நீ படித்த டேபிள் வேறு, அவர் சொன்ன டேபிள் வேறு.

நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்றால் அவை முன் வைத்தார்கள் என்று பொருள். அது இங்கிலாந்து வழக்கம். அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதாவை டேபிள் செய்தால் ஓரங்கட்டிவிட்டார்கள், பெரும்பாலும் அதோடு அதன் கதை முடிந்தது. இரண்டு இடத்திலும் தாள் மேசை மேல்தான் போகிறது. ஓரிடத்தில் எடுத்துப் பேச, மற்ற இடத்தில் பேசாமல் விட.

இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுப் படைத் தலைமை அதிகாரிகளே இதில் மாட்டிக்கொண்டதைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். அவசரமான ஒரு விஷயத்தை டேபிள் செய்ய வேண்டும் என்றார்கள் ஆங்கிலேயர். அமெரிக்கர்களுக்கோ அது மேசை டிராயரில் போட்டு மறந்துவிடுவது. நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று புரிந்ததாம். அவர்களுக்கே அப்படி என்றால் நீ எதற்குக் கூச வேண்டும்?

எனக்கும் இப்படி ஒரு சொல் உண்டு: சாங்ஷன். பேங்கில் கடன் பிரிவில் இருந்தபோது அதைவிட இனிப்பான சொல் கிடையாது. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டு நாலைந்து முறை நடந்த ஒரு விவசாயி, தன் விண்ணப்பத்தில் ஊதா மை முத்திரை விழுந்ததும் "சாங்ஷன் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, காயாத அந்த மையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் 1990-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஐ.நா. ஈராக் மீது சாங்ஷன் விதித்தது என்று பேப்பரில் படித்தேன். அனுமதியை எப்படி விதிப்பார்கள்? அகராதியைப் பிரித்தேன். மீறக்கூடாதது என்று சட்டத்தால் உறுதி செய்வதுதான் அதன் லத்தீன் வேர். சட்டம் ஒன்றுக்கு ஒப்புதலும் தரும், மீறினால் தண்டனையும் தரும். இரண்டும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. நம் 'ஆணை'யைப் பார், அரசாணையும் அதுதான், 'உன்மேல் ஆணை' என்கிற சத்தியமும் அதுதான்.

ஆனால் சாங்ஷனைச் சமாளிக்கலாம். பக்கத்தில் கடன் என்று இருந்தால் அனுமதி, 'ஒரு நாட்டின் மீது' என்று இருந்தால் தடை. கூட நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். டேபிள் அப்படி இல்லை. வாக்கியம் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும், சொல்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால்தான் பொருள் பிடிபடும். அதனால் அடுத்த முறை "இப்போதே பேசவா, அப்புறமா?" என்று கேட்டுவிடு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, அந்த அறிக்கையை எனக்கு அனுப்பு. அவ்வளவு உழைத்திருக்கிறாய், நான் முழுசாகப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா