கறுப்புத் துணியும் கலர் கயிறும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. போனில் என்னால் கோர்வையாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ பாடம் நடத்தும் வகுப்பில், வேறு சாதிக்காரனான அந்தப் பையன் உள்ளே நுழையும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றின் முதல் வரியை முனகுகிறார்கள் என்றாய். நீ கண்டித்ததும், "பாட்டுதானே மிஸ் பாடுனோம், அடிச்சோமா? பேச்சு சுதந்திரம்னு போன வாரம் நீங்கதான நடத்துனீங்க?" என்று கேட்டார்களாம். பதில் வரவில்லை என்று சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்திய எனக்கே அந்தப் பதில் மிகவும் தாமதமாகத்தான் கிடைத்தது.

பேச்சு சுதந்திரம் தருகிற அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவை நடத்தியது தப்போ என்று மட்டும் நினைத்துவிடாதே. அதைப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். 1985-ல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், காலைக் கூட்டத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. அவர்கள் மத நம்பிக்கை அது. பள்ளியை விட்டு நீக்கினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதுதான் பெயர் பெற்றது. மறு வருஷமே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்பதை நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் நான் வகுப்பில் சொல்வேன்.

அதற்கு இருபது வருஷம் முன்னால், 1965 டிசம்பரில், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வியட்நாம் போரில் செத்தவர்களுக்குத் துக்கம், போரை நிறுத்து என்ற கோரிக்கை, அவ்வளவுதான். அவளையும் அவள் அண்ணனையும் இன்னும் சில பிள்ளைகளையும் சஸ்பெண்ட் செய்தார்கள். 1969-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாணவர்கள் பள்ளி வாசலிலேயே உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்றது. கூடவே இன்னொன்றையும் சொன்னது. பள்ளி நடப்பதைக் கணிசமாகக் குலைத்தாலோ, மற்ற மாணவரின் உரிமைக்குள் கை வைத்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தப் பின்பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இப்போது நம் பக்கத்துப் பையன்களின் கையைப் பார். அங்கேயும் துணிதான். சாதிக்கு ஒரு கலரில் கயிறு. அதுவும் பேசாமல் பேசுவதுதான். அப்படியென்றால் மேரி பெத்துக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா? பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அவள் துணி போரைப் பற்றிப் பேசியது. அரசாங்கத்தைப் பார்த்துப் பேசியது. பிடிக்காதவன் எதிர்த்துப் பேசலாம், இல்லை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். இவன் கயிறு பக்கத்து பெஞ்சில் இருக்கிற பையனைப் பார்த்து, 'நான் யார், நீ யார் தெரியுமில்ல' என்கிறது. அதற்கு அவன் என்ன பதில் சொல்வான்? எழுந்து எங்கே போவான்? மணி அடிக்கிற வரைக்கும் அங்கேதானே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாளைக்கு அந்தப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேள். "அவன் லீவு போட்ட அன்னைக்கு இந்தப் பாட்டு ஏன்டா வரமாட்டேங்குது?"

மனசு புண்பட்டது என்பதை மட்டும் எல்லையாக வைத்துவிடாதே. அரசியல் சட்டம் 19(2)-ல் தடைக்கான காரணங்களை அடுக்கும்போது பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுவது என்றெல்லாம் இருக்கிறது. மனம் புண்படுவது தனியாக அதில் இல்லை. இருந்திருந்தால் நீ அம்பேத்கரையும் நடத்த முடியாது, பெரியாரையும் நடத்த முடியாது. உன் பள்ளியில் இனி பட்டிமன்றமே வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னாயே, அதை எப்படியாவது மாற்றப் பார். இடஒதுக்கீடு வேண்டாம் என்று ஒருவன் மேடையில் பேசினால் பேசட்டும். எனக்கு அந்தக் கருத்து அறவே ஆகாது, ஆனாலும் பேசட்டும். அவனுக்கு மறுப்புச் சொல்ல இன்னொரு பிள்ளையைத் தயார் செய். அதே பையன் மேடையை விட்டு இறங்கி, தினமும் ஒருத்தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து "உன்னாலதான்ல எங்களுக்கு சீட்டு போச்சு" என்று சொன்னால், அது வேறு. அங்கே நீ குறுக்கே நிற்க வேண்டும்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். பத்தாம் வகுப்பில் சாதி அடிப்படையில் தருகிற உதவித்தொகைக்கான சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் செய்வது போலத்தான் நானும் பெயர்களைச் சத்தமாக வாசித்து, எழுந்து நிற்கச் சொன்னேன். மறுநாளிலிருந்து ஒருவனுக்கு 'ஸ்காலர்ஷிப்பு' என்று பெயர் ஆகிவிட்டது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் "உள்ளேன் ஐயா" என்பதற்குள் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னிடம் சொன்னான். நோட்டுக் கட்டைத் திருத்திக்கொண்டே, "கெட்ட வார்த்தையா சொன்னானுங்க? விடுடே" என்றேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. ஜனவரியில் அவன் அம்மா டி.சி. வாங்க வந்தார். கையில் மடித்த மஞ்சப்பை. கையெழுத்து போட பேனா கேட்டார், என் பேனாவைத்தான் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் பெயரை எழுதிவிட்டு, மூடியை மாட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "பையன் உங்க பாடம்னா ஆசையாப் படிப்பான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்தக் கை எனக்குத் தெரிகிறது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தபோது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்கக் கூடாது, கலர் கயிறு கூடாது என்ற பரிந்துரைகளைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை.

அந்தக் குழு ஏன் வந்தது என்பது உனக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ பையனை, கூடப் படித்தவர்களே வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. ஆரம்பம் என்னவோ வெறும் பேச்சும் ஏவலும்தான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்து, விசாரணை ஆன பிறகுதான் வெட்டு விழுந்தது. அதனால் நீ கவனமாக இரு. அந்தப் பையன்தான் சொன்னான் என்று யாருக்கும் தெரியக் கூடாது, நீயே காதால் கேட்டதாக இருக்கட்டும். என்றைக்கு, என்ன வரி, யார் யார் என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வை. எல்லார் முன்னாலும் இரண்டு பேரையும் கைகுலுக்கச் சொல்லாதே. பெஞ்சு மாற்றினால் முனகுகிறவர்களை மாற்று, அவனை மாற்றாதே. தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடு. பள்ளிக் கல்வி உதவி எண் 14417-ம் குழந்தைகள் உதவி எண் 1098-ம் கரும்பலகை ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கும் பதினாறு வயதுதான். அந்தப் பாட்டை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று தனித்தனியாக உட்கார்த்திக் கேள். வீட்டில் அண்ணன் இருப்பான், கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் போடுகிறவன் இருப்பான். கோபப்படாமல் கேட்டால் சொல்வார்கள்.

அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை அந்தப் பையன் வகுப்புக்கு வந்தானா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா