கம்பிச் சிங்கத்தில் ஏது கழிவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், லண்டன் டவர் கோட்டையில் இருக்கும் கம்பிச் சிங்கங்களைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். போட்டதே சந்தோஷம். ஆனால் 'கழிவில் மலர்ந்த கலை' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்களே, அங்கே ஏது கழிவு? கம்பி என்றதும் பழைய இரும்புக் கடைதான் ஞாபகத்துக்கு வருமா? அந்தச் சிற்பி குப்பையில் பொறுக்கிச் செய்யவில்லை. துத்தநாகம் பூசிய கோழி வலையை வெட்டி, மடித்து, முறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்திச் செய்கிறார், பெரிய மிருகம் என்றால் உள்ளே எஃகுச் சட்டமும் உண்டு. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்ட பொருள் இல்லை அது, இதுதான் வேண்டும் என்று எடுத்தது.

அப்புறம், அவர் பெயரையே விட்டுவிட்டீர்கள். கெண்ட்ரா ஹேஸ்ட். இங்கிலாந்துக்காரர். அந்தக் கோட்டைக்காக 2010-11 வாக்கில் அவர் செய்து கொடுத்தவை 13 மிருகங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் ஏதோ சிங்கம் மட்டும்தான் என்று தோன்றும். வெள்ளைக் கரடி இருக்கிறது, பபூன் குரங்குகள் இருக்கின்றன, யானையும் உண்டு.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன். நுழைவாயில் பக்கம் போகும்போது சிங்கம் நிஜமாகவே திரும்பிப் பார்ப்பது போல இருந்தது, தோள்பட்டைச் சதை தெரிகிறது, பின்னங்காலில் பாரம் இறங்கியிருப்பது தெரிகிறது. கிட்டே போகப் போக மிருகம் கலைய ஆரம்பித்துவிடுகிறது. நாலடி தூரத்தில் அது வெறும் கம்பி, விலாவுக்குள் ஒரு வலை, அதற்குள் இன்னொரு வலை, எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பக்கத்துக் கோட்டைச் சுவர். திரும்பப் பத்தடி பின்னால் வந்தால் மறுபடியும் சிங்கம்! நான் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்ததைப் பார்த்து மகள், "அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள். பார்க்கட்டும், அதற்குத்தானே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்துக்கு ஏன் கோழி வலை என்பதில்தான் விஷயமே இருக்கிறது, நீங்கள் தொடாமல் விட்டதும் அதைத்தான். அந்தக் கோட்டையில் அறுநூறு வருடத்துக்கு மேல் அரசர்களின் மிருகக் காட்சிசாலை இருந்தது. வெளிநாட்டு மன்னர்கள் பரிசாக அனுப்பிய மிருகங்கள்தான் முதலில் வந்தவை. 1252இல் நார்வே மன்னர் அனுப்பிய வெள்ளைக் கரடிக்கு வாய்ப்பூட்டும் சங்கிலியும் வாங்கிக் கொடுக்கும் செலவு லண்டன் நகர அதிகாரிகள் தலையில் விழுந்தது, நீளமான கயிற்றில் கட்டி தேம்ஸ் ஆற்றில் இறக்கிவிடுவார்களாம், அது மீன் பிடித்துத் தின்னும். 1255இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி அனுப்பிய யானை இரண்டே வருடத்தில் செத்துப்போனது. கடைசியில் 1830களில் எல்லாவற்றையும் மூடி, மிருகங்களை லண்டனிலேயே ரீஜண்ட்ஸ் பார்க்கில் இருக்கும் மிருகக் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், கூண்டு அடிக்கிற வலையாலேயே கூண்டில் கிடந்த மிருகத்தைச் செய்து அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார் இந்த அம்மா. அங்கே நின்றபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அதைப் போய்க் கழிவு என்றால் கோபம் வருமா வராதா?

இந்த வேலை சுலபம் என்று நினைக்கிறவர்களுக்காக என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் ஒரு மீட்டர் கோழி வலையும் ஒரு கட்டிங் பிளேயரும் வைத்துக்கொண்டு பூனை செய்ய உட்கார்ந்தேன். கோழி வலையின் கண்ணுக்கு ஆறு மூலை. அகலத்தில் இழுத்தால் நீளத்தில் குறுகும், கட்டை விரலால் அமுக்கினால் அமுக்கின இடம் மட்டும் குழியும், வெட்டாமலே வளைந்து கொடுக்கும், சதைத் திரட்சி வருவது அதனால்தான். சதுரக் கண் வெல்டு மெஷ்ஷில் இது நடக்காது, மடித்தால் மடிப்புதான் விழும். இதெல்லாம் புரிந்தது, சரி, ஆனால் பூனை வரவில்லை. மூன்று நாள் கழித்து மேஜை மேல் இருந்தது ஒரு நசுங்கிய குடம், என் பத்து விரலிலும் பிளாஸ்திரி. களிமண் என்றால் தப்பைத் தடவி மறைக்கலாம். கம்பியில் தவறாக மடித்த மடிப்பு, நிமிர்த்தின பிறகும் கோணலாகவே நிற்கிறது.

கம்பியை ஏதோ கைவேலை என்று ஒதுக்குவது புதுசும் இல்லை. அமெரிக்காவில் ரூத் அசாவா என்ற சிற்பி, 1947இல் மெக்சிகோவின் டொலூகாவில் கம்பியால் கூடை பின்னுகிறவர்களிடம் கற்றுக்கொண்டு வந்து, கூரையிலிருந்து தொங்கும் அந்தப் பெரிய பின்னல் உருவங்களைச் செய்தார். இதையும் குடும்பப் பெண்ணின் கைவேலை என்று சொன்னவர்கள் உண்டு. 2020இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் சிற்பங்களைப் பத்து விதமான அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. நீங்களும் ஹேஸ்டின் சிங்கத்தை அஞ்சல்தலை அளவில்தான் போட்டிருந்தீர்கள், ஆனால் அதில் மரியாதை ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே இன்னொரு தடவை போடுங்கள். சிற்பி பெயரோடு, கொஞ்சம் பெரிதாக, இரண்டு படமாக. ஒன்று பத்தடி தள்ளி நின்று எடுத்தது, இன்னொன்று மூக்கு உரசுகிற தூரத்தில் எடுத்தது. ஒரே படத்தில் இந்தச் சிற்பத்தைக் காட்டவே முடியாது, ஒன்று சிங்கம் கிடைக்கும், இல்லாவிட்டால் கம்பி கிடைக்கும். உங்களிடம் இல்லையென்றால் மகள் எடுத்த படங்களை அனுப்பி வைக்கிறேன். கிட்டத்தில் எடுத்ததில் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலை தெரியும், அது நான்தான், வேண்டாமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்